வேகமும் வரிசையும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஓட்டமாவடியில் வாவி நீரைக் கடக்கிறது. இன்று வாகனங்களுக்கென அங்கே புதிய பாலம் ஒன்று உண்டு. அதற்கு முன்னர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து இரும்புப் பாலம் ஒன்றே இரு கரைகளையும் இணைத்து நின்றதை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். புகையிரதமும் பேருந்தும் லொறியும் சைக்கிளும் அவ்வொரு தடத்தையே பகிர்ந்துகொண்டன. ஒரு கரையிலிருந்து வண்டிகள் வருங்கால் மறுகரையில் உள்ளவை நிற்கும். புகையிரதம் வருங்கால் இரு கரையும் நிற்கும். பாலத்தைக் கடப்பதற்குச் சிறிது நேரமே போதும். கடக்கும் முறை வருவதற்கோ அதனினும் பன்மடங்கு நேரம் காத்திருத்தல் வேண்டும். நோயாளியை ஏற்றிவந்த வண்டிக்கும் விறகு ஏற்றிவந்த லொறிக்கும் அங்கே வரிசை ஒன்றுதான்.

பழங்கதை பேசி மகிழ்வதற்காக இதனைக் கூற வரவில்லை. அந்தப் பாலத்தடி வரிசை இன்று நம் வீடுகளுக்குள் வந்து குடியேறியிருக்கிறது. சுவரோரத்து மேசையில் பச்சை விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியே இக்காலத்துப் பாலம். வீட்டிலுள்ள அனைவருடைய செய்திகளும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்த ஒரு பெட்டியின் வழியாகவே வெளியேறுகின்றன. அதன் வழியாகவே உட்புகுகின்றன. அப்பெட்டியை ஒழுங்குபடுத்தும் கலையை நம் ஊர் இளைஞர் பெரும்பாலும் ஒரு காரணத்துக்காகவே நாடுகின்றனர்: இணையவழி விளையாட்டில் ‘லாக்’ எனப்படும் தாமதத்தைப் போக்குவதற்காக. பெரியோர் அதனை வீண் ஆராய்ச்சி என்று ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்கத் தக்கதன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றவாளி யார்?

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தம்பி பிளேஸ்டேஷனில் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றில் இருக்கிறான். அக்கா அடுத்த அறையில் இணையவழி வகுப்பில் இருக்கிறாள். கட்டாரிலிருந்து வாப்பா காணொளியில் அழைக்கிறார். அவ்வேளையில், திருமண வீட்டில் எடுத்த ஒளிப்படங்களையும் காணொளிகளையும் மூத்தவரின் கைத்தொலைபேசி தானாகவே மேகக் களஞ்சியத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. தம்பியின் ஆட்டக்காரன் உறைந்து நிற்கிறான். அக்காவின் காதில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக விழுகிறது. வாப்பாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. உடனே உம்மாவின் தீர்ப்பு எழுகிறது: “உன்ட விளையாட்டுத்தான் எல்லா நெற்றையும் தின்னுது. நிப்பாட்டு!”

இத்தீர்ப்பு நீதியானதா என்பதைக் கணக்கினால் சோதிப்போம். பெரும்பாலான போட்டி விளையாட்டுகள் ஆடும் பொழுது பரிமாறிக்கொள்வன மிகச் சிறிய செய்திகள். ‘இடப்பக்கம் திரும்பினேன், பந்தை உதைத்தேன்’ என்பவற்றை ஒத்த குறிப்புகள் அவை. ஒரு செக்கனுக்குப் பல பத்துப் பொதிகள் செல்லலாம். ஆயினும் எல்லாவற்றையும் கூட்டினால் சில நூறு கிலோபிட்டுக்கு மேற்படுவது அரிது. தெளிவான காணொளி ஒன்றுக்கோ பல மெகாபிட் வேண்டும். விளையாட்டுக்குரிய புதுப்பிப்புகளை இறக்கும் வேளை மட்டும் வேறு. அவை பல கிகாபைட் அளவினவாதலின் அப்போது கண்டிப்பது முறையே. ஆனால் ஆட்டம் நிகழும்போது தம்பி தின்பது பருக்கையளவே. பாலத்தை அடைத்து நிற்பது ஒருவரும் கவனியாத ஒளிப்பட லொறி. அதன் பின்னால் அகப்பட்டுத் தவிப்போர் மூவர். தம்பி அவர்களுள் ஒருவன்.

கொள்ளளவு வேறு, காத்திருப்பு வேறு

இணைய நிறுவனங்கள் ‘வேகம்’ என்று விளம்பரப்படுத்துவது உண்மையில் கொள்ளளவையே. ஒரு செக்கனில் எத்தனை பிட்டுகள் கடக்கலாம் என்பது அது. ஒரு பொதி புறப்பட்டு மறுகரை சேர்ந்து விடை கொணர எவ்வளவு காலம் ஆகும் என்பது வேறொரு கணக்கு. ஆயிரம் மூட்டையை ஏற்றும் லொறி, ஒரு கடிதத்தைச் சைக்கிளினும் விரைந்து சேர்க்கும் என்பதற்கு உறுதியில்லை. இவ்வேறுபாட்டை 1996ஆம் ஆண்டிலேயே ஸ்டுவர்ட் செஷயர் என்பவர் ஒரு கட்டுரையில் வற்புறுத்தினார். பலர் சேர்ந்து ஆடும் வலையமைப்பு விளையாட்டு ஒன்றை ஆக்கியவர் அவர் என்பது ஈண்டு கருதத்தக்கது. தாமதத்தின் கொடுமையை முதலில் உணர்ந்தோருள் விளையாட்டு ஆக்கியோரும் இருந்தனர்.

இக்காலத்தை அளக்கும் கருவிக்குப் ‘பிங்’ என்று பெயர். 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் அதனை எழுதினார். கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருளின் தூரத்தை அறியும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக இட்டார். கல்லடிப் பாலத்தருகே தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பாடுமீன்களின் ஓசைக்குச் செவிசாய்த்த மட்டக்களப்பாருக்கு, நீருக்கடியிலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அறிதல் அந்நியமான செயலன்று.

தூரத்தால் விளையும் தாமதத்தை ஒருவராலும் வெல்ல முடியாது. கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஓட்டமாவடியிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டர் என்று கொண்டால் அதற்கு ஒன்றரை மில்லிசெக்கன் போதும். மில்லிசெக்கன் என்பது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெற்காசிய ஆட்டக்காரர்களுக்கான சேவையகங்கள் பல சிங்கப்பூரிலும் மும்பாயிலும் இருக்கின்றன. கடலடிக் கம்பியின் வழி 3,000 கிலோமீட்டர் எனக் கொண்டால், போய் வருவதற்கு 30 மில்லிசெக்கன் கட்டாயம் வேண்டும். இடையிலுள்ள நிலையங்களின் வேலையும் சேர, இலங்கையிலிருந்து அதன் இருமடங்கு ஆவது வியப்பன்று. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஐரோப்பாவிலுள்ள சேவையகத்தைத் தேர்ந்தெடுத்தால் 80 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்க இயற்கை இடந்தராது. ஆகவே விளையாட்டின் அமைப்பில் ‘பிராந்தியம்’ என்று கேட்குமிடத்தில் அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுத்தலே முதற் கடமை.

இனி வரிசையால் விளையும் தாமதத்தைக் கணக்கிடுவோம். வீட்டிலிருந்து வெளிச்செல்லும் பாதை செக்கனுக்கு 2 மெகாபிட் என்க. ரவுட்டரின் காத்திருப்புத் தேக்கத்தில் 250 கிலோபைட் நிரம்பியிருந்தால், அது 2,000 கிலோபிட். அத்தனையும் வெளியேற ஒரு முழுச் செக்கன் வேண்டும். பின்னால் வந்து சேரும் தம்பியின் சிறு பொதி அந்த ஒரு செக்கனும் நின்றே ஆகவேண்டும். சிங்கப்பூருக்குப் போய்வர 60 மில்லிசெக்கன். வீட்டு வாசலைக் கடக்க 1,000 மில்லிசெக்கன்! கடலையும் கடந்த பொதி, வாசற்படியில் இடறி விழுகிறது.

நானூறு யார் தூரத்து நெரிசல்

இந்நோய் புதியதன்று. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்கும் அதன் அருகே நானூறு யார் தொலைவிலிருந்த லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுகூடத்துக்கும் இடையே, செக்கனுக்கு 32,000 பிட்டுகள் சென்ற இணைப்பு வெறும் 40 பிட்டுகளாகச் சுருங்கிற்று. தூரமோ கூப்பிடு தொலைவு. நெரிசலோ மூச்சுமுட்டும் அளவு. அங்கிருந்த வான் ஜேக்கப்சன் இதனை ஆராய்ந்து, நெரிசலைக் கண்டதும் அனுப்புவோன் தானே கையைச் சுருக்கிக்கொள்ளும் முறையை வகுத்து 1988இல் வெளியிட்டார். ஒரு பொதி வழியில் தொலைந்தால், அதனை நெரிசலின் அறிவிப்பாகக் கொண்டு வேகத்தைத் தளர்த்துவதே அம்முறையின் உயிர்நாடி.

பின்னர் நினைவகச் சில்லுகளின் விலை வீழ்ந்தது. ‘ஒரு பொதியும் தொலையலாகாது’ என்ற நல்லெண்ணத்துடன் ரவுட்டர்களில் பெருந்தேக்கங்களை அமைத்தனர். விளைவு விபரீதமாயிற்று. பொதி தொலைவதில்லை, ஆதலின் அறிவிப்பும் கிட்டுவதில்லை, அனுப்புவோன் மேலும் மேலும் அனுப்ப, வரிசை நீண்டுகொண்டே போயிற்று. 2010ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி அறிஞர் தம் வீட்டு இணைப்பிலேயே இதனைக் கண்டறிந்து ‘பஃபர்புளோட்’ என்ற பெயரைப் பரப்பினார். தமிழில் ‘தேக்க வீக்கம்’ எனலாம். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அதற்கு மருந்து கண்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராது, ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்ப்பதே அம்மருந்து. 5 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட காத்திருப்பு தொடர்ந்து நீடித்தால் சில பொதிகளை வேண்டுமென்றே கைவிட்டு, பெருஞ்சுமை அனுப்புவோனுக்கு எச்சரிக்கை தருவது. இதனோடு, ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி வரிசை வகுத்துச் சிறு பொதிகளுக்கு விரைந்து வழிவிடும் முறையும் சேர்ந்தது. இவையிரண்டும் 2018இல் இணையத்தின் முறையான ஆவணங்களாக வெளிவந்தன. இன்று எத்தனையோ ரவுட்டர்களில் இவ்வசதி உறங்கிக் கிடக்கிறது. எழுப்புவார்தாம் இல்லை.

செய்யத்தக்கவை

முதலில் அளத்தல் வேண்டும். கணினியிலிருந்து ரவுட்டரின் உள்முகவரிக்குப் பிங் அனுப்புக. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். பின்னர் வெளியுலக முகவரி ஒன்றுக்கு அனுப்புக. வீடு அமைதியாயிருக்கும்போது ஒருமுறையும், ஒருவர் பெரிய காணொளி ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒருமுறையும் அளந்து குறித்துக்கொள்க. ரவுட்டர் வரையிலேயே எண்கள் தாவினால் நோய் வைஃபையில். ரவுட்டர் வரை சீராயிருந்து, ஏற்றும்போது மட்டும் வெளியெண் அறுபதிலிருந்து அறுநூறாக உயர்ந்தால் நோய் வரிசையில். எப்போதும் ஒரே அளவில் மிகையாயிருந்தால் அது பெரும்பாலும் தூரத்தின் பயன்.

வைஃபை நோய்க்கு மருந்து எளிது. காற்றலை பொதுச்சந்தை போன்றது. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடி இருத்தல் வேண்டும். அண்டை வீட்டுப் பெட்டியும் அச்சந்தையிலேயே கூவுகிறது. ஆதலின் இயன்றவிடத்தில் விளையாட்டுப் பெட்டியை லான் வயரால் ரவுட்டரோடு இணைத்தலே தலைசிறந்தது. அஃது இயலாதாயின் 5 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தேர்க. சுவர்களை ஊடுருவும் வலிமை அதற்குக் குறைவாதலின் ஒரே அறையில் இருத்தல் நன்று. 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் கதி என்றால் ஒன்றோடொன்று கலவாத 1, 6, 11 என்ற தடங்களுள் அயலில் நெரிசல் குறைந்ததைக் கொள்க.

வரிசை நோய்க்கு மருந்து இன்னும் சுவையானது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘கியூ.ஓ.எஸ்.’ என்றோ ‘எஸ்.கியூ.எம்.’ என்றோ ஒரு பகுதி இருப்பின், அளந்தறிந்த கொள்ளளவில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை மட்டுமே எல்லையாக இடுக. கொள்ளளவைக் குறைத்தால் வேகம் கூடுமா என்று வியப்பு எழலாம். நிறுவனத்தின் பெட்டியில் தேங்கும் வரிசை நம் கைக்கு எட்டாது. நாமே சற்றுக் குறைத்து அனுப்பினால், வரிசை நம் ரவுட்டரிலேயே உருவாகும். அங்கே யாருக்கு முதலில் வழி என்பதை நாம் வகுக்கலாம். 1909ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங், தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து தொடங்கிவைத்த கணிதத்துறை இவ்வுண்மைக்குத் துணைநிற்கிறது. ஒழுங்கற்று வரும் பொதிகளைப் பற்றிய அத்துறையின் எளிய வாய்பாட்டின்படி, பாதை பாதியளவு நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு பொதி கடக்கும் நேரமே; 90 பங்கு நிரம்பினால் ஒன்பது மடங்கு; 99 பங்கு நிரம்பினால் தொண்ணூற்றொன்பது மடங்கு. கடைசிப் பத்துப் பங்கை விட்டுக்கொடுப்பவன் இழப்பது சிறிது, பெறுவது பெரிது.

கம்பியின்றி 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் கொள்ளளவு மணிக்கு மணி மாறும். மாலையில் ஊரே கோபுரத்தை மொய்க்கும். ஆங்கே எல்லையை மாலை நேர அளவுக்கு ஏற்ப இடுதல் வேண்டும். பெட்டியைக் கோபுரம் நோக்கிய சாளரத்தருகே உயரத்தில் வைத்துப் பார்த்தலும் பயன்தரும். கொள்ளளவுக் கட்டுப்பாடு இல்லாத பழைய ரவுட்டராயின், ஒளிப்படச் சேமிப்பையும் விளையாட்டுப் புதுப்பிப்பையும் எல்லோரும் உறங்கிய பின்னர் நிகழுமாறு அமைத்துவிடலாம். இதற்குச் செலவு ஒரு சதமுமில்லை.

பூட்டிய கதவு

வேகமெல்லாம் சரியாக இருந்தும் நண்பனோடு ஆட்டத்தில் சேர முடியவில்லை, அவன் குரல் கேட்கவில்லை என்போர் உண்டு. இதன் காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பங்கீட்டுக்கு வந்துவிட்டது. ஆதலின் ஒரு வீட்டுக்கு ஓரெண் கொடுத்து, உள்ளிருக்கும் கருவிகள் அதனைப் பகிருமாறு செய்தனர். ‘நாட்’ என்பது அதன் பெயர். வீட்டிலிருந்து போன கடிதத்துக்கு விடை வந்தால் காவலன் உள்ளே விடுவான்; அழையாத விருந்தாளியை மறுப்பான். ஆட்டக்காரர் ஒருவரையொருவர் நேரே தொடர்புகொள்ளும் விளையாட்டுகளில் இக்காவல் தடையாகிறது. பிளேஸ்டேஷன் இதனை 1, 2, 3 என்று வகைப்படுத்தும்; மூன்றாவதே இடர் மிகுந்தது. எக்ஸ்பாக்ஸ் ‘திறந்தது, நடுத்தரம், கண்டிப்பானது’ எனக் கூறும்.

ரவுட்டரில் ‘யூ.பி.என்.பி.’ என்பதை இயக்கினால், பெட்டி தனக்கு வேண்டிய கதவைத் தானே கேட்டுப் பெறும். ஆயினும் வீட்டிலுள்ள தீய மென்பொருளும் அவ்வாறே கேட்கலாம். எனவே விளையாட்டுப் பெட்டிக்குரிய கதவுகளை மட்டும் கையால் திறந்துவிடுதல் அதனினும் பாதுகாப்பு. எல்லாக் கதவையும் ஒருசேரத் திறக்கும் ‘டி.எம்.இசட்.’ முறையை இறுதி வழியாகவே கொள்க. கணினிக்கு அதனை ஒருபோதும் இடலாகாது. நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டரையும் மாட்டியிருப்போர் வீட்டில் காவலர் இருவர். இரண்டாவதை வெறும் இணைப்பு நிலையமாக மாற்றினால் தீரும். வெளிமுகப்பு முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஓரெண்ணின் கீழ் அடக்கியிருக்கிறது என்பது பொருள். 2012இல் இதற்கென ஒதுக்கப்பட்ட எண்தொகுதி அது. அங்கே வீட்டுக்குள் எதைத் திருகினும் பயனில்லை. பொதுமுகவரி தருவார்களா, புதிய ஆறாம் பதிப்பு முகவரி உண்டா என்று நிறுவனத்தையே கேட்டல் வேண்டும்.

பெயரேட்டை மாற்றினால் தாமதம் தீரும் என்பது பரவலான நம்பிக்கை. ‘டி.என்.எஸ்.’ என்பது தொலைபேசி விபரக்கொத்து போன்றது. எண்ணைத் தேடிக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. பேச்சு நடக்கும்போது குரலை அது விரைவுபடுத்தாது. கொம்புகள் முளைத்த ‘கேமிங் ரவுட்டர்’ வாங்குவோரும் அதனுள் இவ்வரிசை ஒழுங்கு உண்டா என்றே முதலில் கேட்டல் வேண்டும். கொம்புகளின் எண்ணிக்கை வரிசையைக் குறைப்பதில்லை.

விட்டுக்கொடுத்தலின் கணிதம்

‘இத்தனை பாடும் ஒரு விளையாட்டுக்காகவா?’ என்று கேட்பார் உளர். 2023இல் ஹாங்சூவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலேயே இத்தகைய ஆட்டங்களுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது என்று விடையிறுக்கலாம். அதனினும் நெருங்கிய விடை ஒன்றுண்டு. தம்பியின் பொதியும், அக்காவின் வகுப்பிலிருந்து எழும் கேள்வியும், வாப்பாவுக்குச் செல்லும் குரலும் ஒரே இனத்தவை. மூன்றும் உரிய நேரத்தில் சென்றாக வேண்டியவை, பிந்தினால் பயனற்றவை. ஒளிப்பட லொறியோ ஐந்து நிமிடம் பிந்தினும் எவர்க்கும் நட்டமில்லை. தம்பிக்கென்று செய்த திருத்தம் மூவர்க்கும் நன்மையாகும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்குள் புகுந்த நாட்களில், ஆட்டத்துக்காக ரவுட்டரைத் திருத்தக் கற்றிருந்த பிள்ளை வீட்டில் இருந்திருந்தால், அவ்வீட்டின் மாணவிக்கு அவன் செய்திருக்கக்கூடிய உதவி சிறிதன்று.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். ஒளியின் வேகம், சராசரி, விகிதம், வரைபு ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் செய்முறை ஒவ்வொரு மாணவன் வீட்டிலும் செலவின்றிக் காத்திருக்கிறது. காலை, மாலை, இரவு என மூவேளையும் பிங் அளந்து ஒரு வாரம் அட்டவணை இடச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் தூரத்தை எது, வாசலின் நெரிசலை எது காட்டுகிறது என்று பிரித்தெழுதச் சொல்லுங்கள். கூடிய பணம் கட்டிப் பெரிய இணைப்பை வாங்குவதற்கு முன், இருக்கும் இணைப்பின் வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு குடும்பம் கற்றுக்கொள்ளும். தண்டனை யாருக்கு என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் தீர்மானிக்கும் பழக்கமும் அவ்வீட்டில் வேரூன்றும். ஆட்டத்தை நிறுத்து என்று சொல்லுமுன், மூத்தவரின் கைத்தொலைபேசி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.